கடைசிக் கம்பத்தில் 172 வோல்ட்

உங்கள் ஊருக்கு மின்சாரம் வந்துவிட்டதா என்று கேட்டால் அரசின் கோப்பு ‘வந்துவிட்டது’ என்று சொல்லும். எவ்வளவு வந்தது என்ற கேள்விக்கு அந்தக் கோப்பில் இடம் கிடையாது. ஒரு கிராமத்தில் பொது இடங்களுக்கும், பத்தில் ஒரு வீட்டுக்கும் இணைப்பு கொடுத்துவிட்டால் அந்தக் கிராமம் மின்மயமானதாகக் கணக்கில் சேரும் என்பது 2004இல் மத்திய அரசு வகுத்த வரையறை. மீதி ஒன்பது வீடு இருட்டில் கிடந்தாலும் ஊர் வெளிச்சம்தான். அந்தப் பத்தில் ஒன்று எந்தத் தெருவில் இருக்கும், ஒன்பது எந்தத் தெருவில் இருக்கும் என்று நாம் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாங்கள் ஏற்காட்டு மலையில் மாலை வகுப்பு நடத்தும் ஒரு சிறு குழு. கரடியூர்ப் பக்கம் காபித் தோட்டங்களில் கூலி வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் எங்களிடம் படிக்கிறார்கள். தலித் பிள்ளைகள், மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் இரு தரப்பும் உண்டு. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ‘மின்னோட்டவியல்’ என்று ஒரு பாடம் இருக்கிறது. மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை, மின்திறன் என்ற நான்கு சொற்களும் இரண்டு சூத்திரங்களும்தான் அதன் உயிர். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்துவிடுகிறார்கள். இந்தக் கட்டுரை அந்த இரண்டு சூத்திரங்களைப் பற்றியது. அவற்றைக் கொண்டு ஒரு காலனி தன் புகாரை எப்படிக் கணக்காக மாற்றியது என்பதைப் பற்றியது.

முதலில் சூத்திரத்தைப் பார்த்துவிடுவோம். படிப்பை விட்டுப் பல வருடம் ஆன தோழர்களும் இதைப் படிப்பார்கள்.

கம்பி வழியே மின்சாரத்தைத் தள்ளுகிற அழுத்தம் மின்னழுத்தம். அதை வோல்ட்டில் சொல்கிறோம். கம்பிக்குள் ஓடுகிற ஓட்டம் மின்னோட்டம். அதை ஆம்பியரில் சொல்கிறோம். அந்த ஓட்டத்தைத் தடுக்கிற குணம் மின்தடை. அதை ஓம் என்ற அலகில் சொல்கிறோம். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை கிடைக்கும். அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கினால் மின்திறன், அதாவது வாட் கிடைக்கும். அவ்வளவுதான். இரண்டு எண்ணை அளந்தால் போதும், மற்ற இரண்டு எண்ணும் வகுத்தலிலும் பெருக்கலிலும் வந்துவிடும்.

‘ஓம்’ என்றதும் வகுப்பில் சிரிப்பு வரும். இது மந்திரம் கிடையாது, ஒரு மனிதரின் பெயர். ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில் 1789இல் பூட்டு செய்கிற தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர் கியார்க் சைமன் ஓம். பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டு, தானே கருவிகளைச் செய்து சோதனை நடத்தினார். 1827இல் தன் முடிவுகளைப் புத்தகமாக வெளியிட்டபோது அவருடைய நாட்டு அறிஞர்கள் கண்டுகொள்ளவில்லை. 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. மின்சாரத்தின் இன்னொரு பெரிய பெயரான மைக்கேல் பாரடே ஒரு கொல்லரின் மகன். புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்தவர். பூட்டுத் தொழிலாளி மகனும் கொல்லர் மகனும் எழுதிய அறிவியல் இது. ‘நமக்கு இது வராது’ என்று யாராவது சொன்னால், இந்த இருவரையும் காட்டுங்கள்.

இனி மலைக்கு வருவோம்.

கரடியூருக்குச் சுற்றுலா வருகிறவர்கள் காட்சிமுனையில் நின்று பள்ளத்தாக்கைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அங்கிருந்து வெகுதூரம் இல்லாத ஒரு காலனியைப் பற்றித்தான் சொல்லப்போகிறோம். அவர்களுடைய மனு இன்னும் நடப்பில் இருப்பதால் காலனியின் பெயர் வேண்டாம். மொத்தம் இருபது வீடுகள். டிரான்ஸ்பார்மர் மேலே தார்ச்சாலை ஓரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்புகிற கம்பி, சில்வர் ஓக் மரங்களுக்கும் காபிச் செடிகளுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் இறங்கிக் காலனிக்கு வருகிறது. வழியில் வேறு வீடு கிடையாது. இரண்டே கம்பி: ஒன்று பேஸ், ஒன்று நியூட்ரல். அதற்கப்பால் கம்பம் இல்லை.

அந்தக் காலனியில் மாலை 6 மணியிலிருந்து 9 மணிவரை மிக்சி சுற்றாது. டி.வி. அணைந்து அணைந்து எரியும். பேன் சுற்றுவதை இறக்கையை எண்ணிப் பார்க்கலாம். இரண்டு வீடுகளில் கிரைண்டர் மோட்டார் புகைந்துவிட்டது. வாரக்கூலியில் மிச்சம் பிடித்து அதற்குக் காயில் கட்ட வேண்டியிருந்தது. ‘கரண்டு இருக்குது கண்ணு, ஆனா அதுக்குச் சத்து இல்ல’ என்று ஓர் ஆயா எங்களிடம் சொன்னார். மின்திறன் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நாங்கள் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

மனு கொடுத்தார்கள். ஒருமுறை அல்ல, பலமுறை. ‘லைட் மங்கலாக எரிகிறது, ஆவன செய்யவும்’ என்று எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் கிடைத்த பதில் இரண்டில் ஒன்றாக இருந்தது. ‘உங்க வீட்டு ஒயரிங் சரியில்லை’ என்பது ஒன்று. ‘நீங்க ஹீட்டர் காயில் போட்டுக் கரண்டை இழுக்கிறீங்க’ என்பது இன்னொன்று. இரண்டிலும் குற்றவாளி நாம்தான். தண்ணீர் வராவிட்டால் நாம் வீணாக்கினோம், படிப்பு வராவிட்டால் நமக்கு அக்கறை இல்லை, வெளிச்சம் வராவிட்டால் நாம் திருடினோம். இந்த வாய்ப்பாடு நமக்குப் பழக்கமானது.

மங்கல் என்பது ஒரு சொல். சொல்லை மறுத்துவிடலாம். எண்ணை மறுப்பதற்கு இன்னொரு எண் வேண்டும். எனவே அளப்பது என்று முடிவு செய்தோம்.

எங்கள் குழுவில் ஐ.டி.ஐ. படித்து வயர்மேன் உரிமம் வாங்கிய தோழர் ஒருவர் இருக்கிறார். அளக்கும் வேலை அத்தனையும் அவர் கையால்தான் நடந்தது. கம்பத்தில் யாரும் ஏறவில்லை, மீட்டர் பெட்டியின் சீலைத் தொடவில்லை. மாணவர்கள் நோட்டும் கடிகாரமும் பிடித்தார்கள். கருவிகள் இரண்டு. ஒன்று மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டர். இன்னொன்று கிளாம்ப் மீட்டர். நண்டுக் கொடுக்கு மாதிரி இருக்கும் அதன் வாயை ஒரு ஒயரைச் சுற்றிக் கவ்வவிட்டால், ஒயரை அறுக்காமலே அதில் ஓடும் மின்னோட்டத்தைக் காட்டும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வவிட்டால் பூஜ்யம்தான் காட்டும். ஏனென்றால் போகிற ஓட்டமும் திரும்புகிற ஓட்டமும் ஒன்றை ஒன்று கழித்துவிடும். ஒரே ஒரு ஒயரைத்தான் கவ்வ வேண்டும். பிள்ளைகள் அந்த ஒரு மாலையில் கற்ற இதை இனி மறக்கமாட்டார்கள்.

மாலை 7 மணி. டிரான்ஸ்பார்மரை ஒட்டிய ஒரு கடையில் 228 வோல்ட் இருந்தது. அதே நேரத்தில் காலனியில், மீட்டருக்கு மின்சாரம் நுழைகிற இடத்தில், 172 வோல்ட் இருந்தது. வீடு வீடாக அரை மணி நேரம் ஓடி ஒவ்வொரு வீட்டின் மின்னோட்டத்தையும் குறித்துக் கூட்டினால் 20 ஆம்பியர் வந்தது.

இந்த மூன்று எண்ணை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் சொல்ல முடிகிறது என்று பாருங்கள்.

முதல் கணக்கு: 228இல் 172ஐக் கழித்தால் 56 வோல்ட். வழியில் காணாமல்போன அழுத்தம் அது. ஓடிய மின்னோட்டம் 20 ஆம்பியர். 56ஐ 20ஆல் வகுத்தால் 2.8 ஓம். காபித் தோட்டத்துக்குள் ஓடிவருகிற அந்தக் கம்பியின் மின்தடை இதுதான்.

இந்த எண் சரியா என்று சரிபார்க்க ஒரு வழி உண்டு. நடுவில் எஃகு இழையும் சுற்றிலும் அலுமினிய இழைகளும் முறுக்கிய மின்கம்பிகளுக்கு ஆங்கிலேயர் காலத்திலிருந்து விலங்குப் பெயர்கள் உண்டு. அணில், மரநாய், முயல், நாய், சிறுத்தை என்று கனம் கூடக்கூட விலங்கும் பெரிதாகும். இருப்பதில் மெலிந்தவற்றில் ஒன்று அணில். அதன் மின்தடை ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1.4 ஓம். மின்சாரம் ஒரு கம்பியில் வந்து இன்னொரு கம்பியில் திரும்புவதால் நீளம் இரண்டு கிலோமீட்டர். 1.4ஐ இரண்டால் பெருக்கினால் 2.8. எங்கள் அளவும் கம்பியின் இயல்பும் பொருந்திவிட்டன. பழுதான மூட்டோ, அறுந்து ஒட்டிய கம்பியோ காரணமாக இருந்தால் நாங்கள் கண்ட தடை இதைவிட மிக அதிகமாக வந்திருக்கும். ஆக, எதுவும் கெட்டுப்போகவில்லை. கம்பி சரியாகத்தான் வேலை செய்கிறது. மெலிந்த கம்பியை நீளமாக இழுத்தால் எப்படி வேலை செய்யுமோ அப்படி வேலை செய்கிறது.

இதே சோதனையை அதிகாலை 4 மணிக்கும் செய்தோம். ஊர் உறங்கும் நேரம், காலனியின் மொத்த ஓட்டம் 3 ஆம்பியர்தான். மீட்டரில் 220 வோல்ட் காட்டியது. 3ஐ 2.8ஆல் பெருக்கினால் 8.4. 228இல் அதைக் கழித்தால் 219.6. கணக்கு சொன்னதையே கருவியும் சொன்னது. அந்தக் குளிரில் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். புத்தகத்தில் இருப்பது உண்மை என்று அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

இரண்டாவது கணக்கு, ஒயரிங் பற்றியது. 172 வோல்ட் என்பது மீட்டருக்குள் நுழையும் இடத்தில் அளந்தது. வீட்டு ஒயரிங் மீட்டருக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே 56 வோல்ட் போய்விட்டது என்றால், அதற்கு வீட்டு ஒயரிங் எப்படிப் பொறுப்பாகும்?

மூன்றாவது கணக்கு, ‘கரண்டை இழுக்கிறீங்க’ என்ற குற்றச்சாட்டு பற்றியது. இருபது வீட்டுக்கு 20 ஆம்பியர் என்றால் வீட்டுக்குச் சராசரி ஒரு ஆம்பியர். 172 வோல்ட்டை 1 ஆம்பியரால் பெருக்கினால் 172 வாட். மோட்டார் உள்ள சாதனங்களுக்கு இந்தப் பெருக்கல் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், உண்மைத் திறன் இன்னும் குறைவாகவே இருக்கும். ஒரு பேன், இரண்டு பல்பு, ஒரு டி.வி. ஒரு குடும்பம் மாலையில் இதைப் பயன்படுத்துவதற்குப் பெயர் திருட்டா?

நான்காவது கணக்குதான் எங்களைத் திகைக்க வைத்தது. கம்பியில் 56 வோல்ட் இழப்பு, 20 ஆம்பியர் ஓட்டம். பெருக்கினால் 1,120 வாட். அந்த மின்சாரம் கம்பியைச் சூடாக்கிக் காற்றில் கலக்கிறது. மேலேயிருந்து அனுப்புவது 4,560 வாட். காலனிக்கு வந்து சேருவது 3,440 வாட். நான்கில் ஒரு பங்கு, ஆறு வீடுகளுக்குப் போதுமான திறன், காபிச் செடிகளுக்கு மேலே வெப்பமாகப் போகிறது. ஓட்டத்தை ஓட்டத்தாலேயே பெருக்கித் தடையாலும் பெருக்கினால் வெப்பம் கிடைக்கும் என்பது ஜேம்ஸ் ஜூல் 1840களின் தொடக்கத்தில் சொன்ன விதி. ஓட்டம் இரு மடங்கானால் இழப்பு நான்கு மடங்காகும். மின்சாரத்தை வீணாக்குவது யார் என்று கேட்கிறவர்களுக்கு ஜூல் பதில் சொல்லிவிட்டார்.

அழுத்தம் கால் பங்கு குறைந்தால் சத்தும் கால் பங்குதான் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். 230 வோல்ட்டில் 1,000 வாட் என்று எழுதியிருக்கும் ஒரு அயர்ன் பாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஓட்டம் 4.35 ஆம்பியர், தடை 52.9 ஓம். 172 வோல்ட்டில் அதே தடை வழியே 3.25 ஆம்பியர்தான் ஓடும். பெருக்கிப் பார்த்தால் 559 வாட். அழுத்தமும் குறைகிறது, அதனால் ஓட்டமும் குறைகிறது, இரண்டும் சேர்ந்து திறனைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே கொண்டுவந்து விட்டுவிடுகின்றன. குண்டு பல்பில் வெளிச்சம் இன்னும் வேகமாகக் குறையும், பாதிக்கும் கீழே போய்விடும். மோட்டாரின் கதை வேறு. மாவை அரைத்தே ஆகவேண்டிய கிரைண்டர் மோட்டார், அழுத்தம் குறைந்தால் ஓட்டத்தை அதிகமாக இழுத்துச் சூடாகும். கடைசியில் காயில் கருகும். அந்த இரண்டு வீட்டுக் கிரைண்டரும் இப்படித்தான் போயின.

ஒரு விஷயத்தை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். குண்டு பல்பு இருந்த காலத்தில் குறைந்த மின்னழுத்தம் கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது வருகிற எல்.இ.டி. பல்புகளில் பல, அழுத்தம் குறைந்தாலும் உள்ளிருக்கும் மின்னணுச் சுற்று சமாளித்து வெளிச்சத்தைக் காப்பாற்றிவிடும். நல்லதுதான். ஆனால் ஆய்வுக்கு வருகிற அதிகாரி ‘லைட் நன்றாகத்தானே எரிகிறது’ என்று சொல்லிவிட்டுப் போக அது வசதியாகிவிட்டது. இனிக் கண்ணை நம்பிப் பயனில்லை, மீட்டரைத்தான் நம்ப வேண்டும்.

அந்தக் கம்பி ஏன் மெலிந்த கம்பியாக இருக்கிறது என்பதை இனிப் பார்ப்போம்.

காலனிக்கு இந்த லைன் ‘ஒரு விளக்கு’ வந்த காலத்தில் வந்தது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். தமிழ்நாட்டு மின்கட்டணப் பட்டியலில் குடிசைகளுக்கென்று ஒரு தனி வகை உண்டு. ஆதி திராவிடர் வீட்டுத் திட்டத்திலும் தாட்கோ மூலமும் கட்டிய வீடுகளையும் அதில்தான் சேர்த்திருக்கிறார்கள். குடிசை என்றால் என்ன என்று அந்தப் பட்டியலே சொல்கிறது. 250 சதுர அடிக்கு மிகாத இடம், மண் சுவர், கூரையோ ஓடோ தகரமோ மேலே. விளக்கு 40 வாட்டுக்கு மிகக்கூடாது. இருட்டில் இருந்த வீட்டுக்கு அந்த விளக்கு பெரிய விஷயம்தான், அதில் படித்து வந்தவர்கள் நம்மில் நிறைய பேர். அதேசமயம் 40ஐ 230ஆல் வகுத்துப் பாருங்கள். 0.17 ஆம்பியர். நம்முடைய தேவை இவ்வளவுதான் என்று அளந்து வைத்த அளவு அது.

இருபது வீட்டுக்கு 40 வாட் என்றால் மொத்தம் 800 வாட். அதற்கு ஓட்டம் சுமார் மூன்றரை ஆம்பியர். 2.8 ஓம் கம்பியில் அது பத்து வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் தின்னும். அன்று கடைசிக் கம்பத்தில் 218 வோல்ட் இருந்திருக்கும். பொறியாளர் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. வீட்டுக்கு ஒரு விளக்கைத் தவிர இவர்களுக்கு எந்தக் காலத்திலும் வேறொன்றும் வேண்டியிருக்காது என்ற எண்ணம்தான் அந்தக் கணக்கின் அடியில் இருக்கிறது. அந்த எண்ணத்தை அலுமினியத்தில் வார்த்துக் காபித் தோட்டத்துக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

பிறகு அரசே வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. 2011க்குப் பிறகு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லை என்றது. எல்லாம் நம் உரிமைதான், வரவேற்போம். ஆனால் பொருளைக் கொடுத்தவர்கள் கம்பியை மாற்றவில்லை. சாலையோர விடுதிகளுக்கும் பங்களாக்களுக்கும் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் இருக்கிறது. அவர்கள் எவ்வளவு இழுத்தாலும் கம்பியின் நீளம் சில மீட்டர்தான், இழப்பும் சில வோல்ட்தான். ஊருக்கு வெளியே, பள்ளத்தில், தோட்டத்துக்கு அப்பால் நம்மைக் குடிவைத்த தூரம் இருக்கிறதே, அதற்கு ஓமில் ஒரு மதிப்பு இருக்கிறது. எங்கள் காலனிக்கு அது 2.8.

அம்பேத்கரைச் சட்ட மேதையாகவே நமக்குக் காட்டுகிறார்கள். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அவர் தொழிலாளர் துறை உறுப்பினர். நீர்ப்பாசனமும் மின்சாரமும் அவரிடம் இருந்தன. 1943 அக்டோபரில் மின்சாரக் கொள்கைக் குழுவின் கூட்டத்தில் அவர் தலைமையேற்றுப் பேசினார். மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்க வேண்டும், அது இல்லாமல் தொழில்மயம் நடக்காது, தொழில்மயம் இல்லாமல் மக்களை வறுமையிலிருந்து மீட்க முடியாது என்பது அவருடைய வாதம். 1944இல் மத்தியத் தொழில்நுட்ப மின்வாரியம் அமைந்ததும் அவர் காலத்தில்தான். ‘தாராளமாக’ என்ற அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். 40 வாட் அதற்கு நேர் எதிரானது. பாபாசாகேப் வெளிச்சத்தை மட்டும் கேட்கவில்லை, திறனைக் கேட்டார். மெஷினை ஓட்டுகிற, தொழிலை நடத்துகிற, கூலி வேலையைவிட்டு ஒரு குடும்பம் வெளியேற உதவுகிற திறனை. காலனியில் ஒரு பெண் தையல் மெஷினுக்கு மோட்டார் மாட்டினால் அது ஓட வேண்டும். மிளகைப் பொடித்து விற்க நான்கு பேர் சேர்ந்தால் அரவை மெஷின் சுற்ற வேண்டும். 172 வோல்ட்டில் இது எதுவும் நடக்காது, கூலிக்குத்தான் போக முடியும்.

ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். ஈரமான மனித உடம்பின் தடை சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். 230 வோல்ட்டை 1,000ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். வீடுகளில் உயிர்காக்கப் பொருத்தும் கசிவுத் துண்டிப்பான் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கிறது. 172 வோல்ட் என்றாலும் 172 மில்லி ஆம்பியர் ஓடும். மிக்சியைச் சுற்றவைக்கப் போதாத மின்சாரம் ஆளைக் கொல்லப் போதும். காட்டுமாட்டுக்கும் பன்றிக்கும் பயந்து தோட்ட வேலியில் திருட்டுத்தனமாகக் கரண்டு விடும் இடங்களில், விடியலில் செருப்பில்லாமல் வேலைக்கு நடக்கிறவர்கள் யார்? கையுறை இல்லாமல் கம்பத்தில் ஏற்றப்படும் ஒப்பந்தத் தொழிலாளி யார்? எர்த் கம்பி இல்லாத வீடு யாருடையது? அழுத்தத்தைத் தடையால் வகுக்கும் அந்தக் கணக்கு இவர்கள் உடம்பில்தான் நடக்கிறது.

அளந்து முடித்ததும் நாங்கள் புதிய மனு எழுதினோம். அதில் ‘மங்கல்’ என்ற சொல் இல்லை. நேரம், இடம், வோல்ட், ஆம்பியர், கம்பியின் தடை, இழப்பு அத்தனையும் ஒரு பக்கத்தில் வந்தன. இந்திய மின்சார விதிகள், 1956இன் 54ஆவது விதி, குறைந்த அழுத்த இணைப்பில் அறிவித்த அளவிலிருந்து 6 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்றது. பின்னால் வந்த தமிழ்நாட்டு விநியோக விதிகளிலும் அந்த 6 சதவீதமே இருக்கிறது. 230இல் 6 சதவீதம் கழித்தால் 216. நமக்கு வந்தது 172. இடைவெளி 44 வோல்ட் என்று எழுதினோம்.

தீர்வையும் கணக்கோடே கேட்டோம். முயல் கம்பிக்கு மாற்றினால் தடை 1.1 ஓமுக்கும் கீழே வரும், கடைசியில் 206 வோல்ட் கிடைக்கும், அதுவும் போதாது. அதே அணில் கம்பியில் இன்னும் இரண்டு இழுத்து, மூன்று பேஸ் ஆக்கி, வீடுகளைச் சமமாகப் பிரித்தால் என்ன ஆகும்? ஒரு பேஸுக்கு ஏழு ஆம்பியருக்கும் குறைவு. சுமை சமமாக இருந்தால் நியூட்ரலில் ஏறக்குறைய ஓட்டமே இருக்காது. இழப்பு 56 வோல்ட்டிலிருந்து பத்துக்கும் கீழே இறங்கும், கடைசி வீட்டில் 218 வோல்ட் இருக்கும். டிரான்ஸ்பார்மரைக் காலனிக்கு அருகே கொண்டுவந்தால் இன்னும் நல்லது.

மனுவைப் படித்த அதிகாரி ‘இதை யார் போட்டுக் கொடுத்தது?’ என்று கேட்டார். எங்களோடு வந்திருந்த பத்தாம் வகுப்பு மாணவி ‘நாங்கதான் சார், எங்க பாடத்துல இருக்குது’ என்றாள். அதன் பிறகு ஒயரிங் பற்றியோ ஹீட்டர் பற்றியோ யாரும் பேசவில்லை. ஆய்வுக்கு ஆள் வந்தார்கள். மூன்று பேஸ் லைனுக்கு மதிப்பீடு தயாரிப்பதாக எழுத்தில் பதில் வந்திருக்கிறது. கம்பி இன்னும் வரவில்லை. வாரம் ஒருமுறை மாலை 7 மணிக்குப் பிள்ளைகள் அளவெடுத்து நோட்டில் குறித்துவருகிறார்கள்.

தோழர்களே, உங்கள் காலனியிலும் இதைச் செய்யலாம். உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். மீட்டருக்கு முன்னால் அளவெடுங்கள், மாலையிலும் அதிகாலையிலும் இருமுறை எடுங்கள். குறைந்தது ஒரு வாரம் தொடருங்கள். எத்தனை வீடு, எவ்வளவு தூரம், எத்தனை கம்பி என்று வரைபடம் போடுங்கள். மனுவின் நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. மின்சாரச் சட்டம், 2003இன் 42ஆவது பிரிவின்படி நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றமும், அதற்கு மேல் மின்குறை தீர்ப்பாளரும் இருக்கிறார்கள். எஸ்டேட் லைன் வீட்டில் இருப்பவர்கள் இன்னொன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அதே சட்டத்தின் 43ஆவது பிரிவு, வீட்டின் உரிமையாளர் மட்டுமல்ல, அதில் குடியிருப்பவரும் இணைப்பு கேட்கலாம் என்கிறது. பட்டா இல்லை என்பதற்காக வாய்மூடி இருக்க வேண்டியதில்லை.

ஊர்க்கூட்டத்தில் நம் குரலை அடக்கிவிடலாம், மனுவைக் கிடப்பில் போடலாம். ஆனால் அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் விடை, வகுக்கிறவர் எந்தத் தெருக்காரர் என்று பார்த்து மாறுவதில்லை. அந்த விடையை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். 216 வோல்ட்டுக்குக் கீழே ஒரு வோல்ட் குறைந்தாலும் கேளுங்கள்.

ஜெய் பீம்.